பத்திரம் பதிவாகிவிட்டால் சொத்து உங்களுடையதா? மூலப் பத்திரம் முதல் போலிப் பத்திர ரத்து வரை... தமிழ்நாடு அரசின் சட்டங்களும் நீதிமன்றங்களின் பதிலும்

ஒரு மனையை வாங்கிப் பதிவுக் கட்டணம் கட்டி, கைரேகை வைத்து, போட்டோ எடுத்து, பத்திரத்தைக் கையில் வாங்கிவிட்டால் 'இனி இது நம்ம இடம்' என்று நிம்மதியாகி விடுகிறோம். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் பதிவாவது ஆவணம்தானே தவிர, உரிமை அல்ல.

இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் தமிழ்நாட்டில் சொத்து வைத்திருப்பவர்கள், வாங்குபவர்கள், மனை விற்கும் நிறுவனங்கள், புரோக்கர்கள், பத்திர எழுத்தர்கள் எல்லோரையும் பாதிக்கும் ஒரு சட்டப் போராட்டம் நடந்துவருகிறது. போலிப் பத்திரங்களைத் தடுக்க, சார்பதிவாளருக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் கூடுதல் அதிகாரம் தர மாநில அரசு முயல்கிறது. 'சொத்து யாருடையது என்று முடிவு செய்வது பதிவு அதிகாரியின் வேலை இல்லை' என்று நீதிமன்றங்கள் திருப்பி அனுப்புகின்றன. என்னதான் பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

சார்பதிவாளர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதில்லை?

பத்திரப் பதிவுக்கு அடிப்படை, 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஆங்கிலேயர் காலத்துச் சட்டம் என்றாலும் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். இந்தச் சட்டப்படி ஒரு பத்திரம் வந்தால் சார்பதிவாளர் முக்கியமாக மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

- இந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்ததாகச் சொல்பவர் உண்மையில் எழுதிக் கொடுத்தாரா?
- எதிரே நிற்பவர் அந்த நபர்தானா?
- வேறு ஒருவருக்காக வந்திருந்தால், அதற்கான அதிகாரம் அவரிடம் இருக்கிறதா?

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். அவ்வளவுதான். 'இந்த இடத்தை விற்க இவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா?' என்ற கேள்வி மூலச் சட்டத்தில் அவருடைய பொறுப்பாகச் சொல்லப்படவில்லை.

அப்போ உரிமை இல்லாத ஒருவர் பத்திரம் எழுதிக் கொடுத்தால்? தன்னிடம் இல்லாததை ஒருவர் விற்க முடியாது என்பதுதான் சொத்துச் சட்டத்தின் அடிப்படை. அந்தப் பத்திரம் பதிவாகியிருந்தாலும் வாங்கியவருக்கு உரிமை வராது. ஆனால் பதிவேட்டில் அது இருக்கும், வில்லங்கச் சான்றில் வரும். அதைக் காட்டி அடுத்தவருக்கு விற்கலாம், அடமானம் வைக்கலாம். உண்மையான உரிமையாளருக்குத் தலைவலி தொடங்குவது இங்கேதான்.

2022-ல் அரசு கொண்டுவந்த மாற்றம் என்ன?

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள், வயதானவர்கள், வேறு ஊரில் குடியிருப்பவர்கள் என்று பலருடைய காலி மனைகள்தான் மோசடிக்காரர்களின் முதல் குறி. ஆள்மாறாட்டம், போலி வாரிசுச் சான்று, போலி பவர் பத்திரம் என்று வழிகள் பல. ஒரு காலத்தில் இப்படி ஏமாந்தவர் பதிவு அலுவலகத்துக்குப் போனால், 'எங்களால் ரத்து செய்ய முடியாது, கோர்ட்டுக்குப் போங்க' என்பதுதான் பதிலாக இருந்தது.

இதற்குத் தீர்வாக, பதிவுச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் பொருந்தும் ஒரு திருத்தம் 2021-ல் சட்டப்பேரவையில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் பிறகு 2022 ஆகஸ்ட் 16 முதல் அமலுக்கு வந்தது. அதில் இருந்த முக்கியப் பிரிவுகள் இவை.

பிரிவு 22-பி: போலி ஆவணம், சட்டத்தால் தடை செய்யப்பட்ட பரிவர்த்தனை, ஜப்தி செய்யப்பட்ட சொத்து ஆகியவை தொடர்பான பத்திரங்களைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும்.

பிரிவு 77-ஏ: இந்த விதிகளை மீறி ஏற்கெனவே பதிவான பத்திரத்தை, விசாரணை நடத்தி மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம்.

பிரிவு 77-பி: அந்த ரத்து உத்தரவை எதிர்த்துப் பதிவுத்துறைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பிரிவு 81-ஏ: விதியை மீறிப் பதிவு செய்த அதிகாரிக்கும் தண்டனை உண்டு.

இதற்கு முன்பே 22-ஏ என்ற பிரிவு இருந்தது. அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃபு நிலம் போன்றவற்றை உரிய அனுமதி இல்லாமல் பதிவு செய்வதை அது தடுக்கிறது. அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கும் அதில் தடை உண்டு. ரியல் எஸ்டேட் தொழிலில் இருப்பவர்களுக்கு 2016 மறந்திருக்காது. அந்த ஆண்டு செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அக்டோபர் 20-ல் 22-ஏ அமலுக்கு வந்தது. மாநிலம் முழுக்க மனை விற்பனை ஸ்தம்பித்துப்போனது. பிறகு 2017-ல், அந்த அக்டோபர் 20-க்கு முன்பே உருவான மனைப்பிரிவுகளுக்காக வரன்முறைத் திட்டம் வந்தது.

அதாவது, பதிவு அலுவலகத்தின் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவது அரசுக்குப் புதிய யோசனை இல்லை. ஆனால் 77-ஏ அதையும் தாண்டியது. உள்ளே போய்விட்ட பத்திரத்தையும் வெளியே எடுத்துப் போடும் அதிகாரத்தை அந்தக் காவலாளிக்குக் கொடுத்தது.

77-ஏ பிரிவை உயர் நீதிமன்றம் ஏன் ரத்து செய்தது?

ஏமாந்த உரிமையாளர்களுக்கு 77-ஏ ஒரு வரமாகத் தெரிந்தது. சிவில் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் அலைவதற்குப் பதிலாக, மாவட்டப் பதிவாளரிடம் ஒரு மனு கொடுத்தால் போதும். ஆனால் இதே பிரிவு இன்னொரு தரப்பினருக்குப் பயத்தைக் கொடுத்தது. பணம் கொடுத்து, வங்கிக் கடன் வாங்கி வீடு கட்டிக் குடியிருப்பவரின் பத்திரமும் ஒரு நிர்வாக அதிகாரியின் உத்தரவில் ரத்தாகலாம் அல்லவா?

வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2024-ல் இரு நீதிபதிகள் அமர்வு, 77-ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இதில் உள்ள சிக்கல் எளிமையானது. ஒரு பத்திரம் போலியா இல்லையா என்று சொல்ல, சாட்சிகளை விசாரிக்க வேண்டும், குறுக்கு விசாரணை வேண்டும், கையெழுத்தை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். இவை எல்லாம் சிவில் நீதிமன்றத்தின் வேலை. போலி என்று முடிவு செய்தாலே, சொத்து யாருக்கு என்றும் முடிவு செய்தது போலத்தான்.

இதற்கு முன்பே, 2016-ல் மத்தியப் பிரதேசத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே திசையைக் காட்டியிருந்தது. ஒரு பத்திரத்தைப் பதிவு செய்ததோடு பதிவு அதிகாரியின் வேலை முடிகிறது, அதை ரத்து செய்யும் அதிகாரம் சட்டத்தில் அவருக்குத் தரப்படவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. சட்டத்திலேயே அந்த அதிகாரத்தைச் சேர்த்துவிடலாம் என்று நினைத்து வந்ததுதான் 77-ஏ. அதுவும் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

மூலப் பத்திரம் கட்டாயம் என்ற விதி என்ன ஆனது?

77-ஏ பிரிவோடு சேர்த்து, 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற புதிய விதியும் வந்தது. இதன்படி ஒரு சொத்தை விற்க வருபவர், அது தனக்கு எப்படி வந்தது என்று காட்டும் முந்தைய அசல் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். பதிவுக்கு முன் 10 நாட்களுக்குள் எடுத்த வில்லங்கச் சான்றும் வேண்டும். சொத்து அடமானத்தில் இருந்தால், கடன் கொடுத்தவரிடம் இருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அசல் தொலைந்திருந்தால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல் துறை தரும் சான்றும், நாளிதழில் கொடுத்த விளம்பரமும் வேண்டும். பத்திரமே இல்லாத பூர்வீகச் சொத்து என்றால் பட்டா போன்ற வருவாய்த் துறை ஆவணம் வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அசல் இல்லாமல் யாராவது சொத்து வாங்குவார்களா? ஆனால் நடைமுறையில் மாட்டிக்கொண்டது மோசடிக்காரர்கள் மட்டும் இல்லை. நான்கு பேர் பாகம் பிரித்த குடும்பத்தில் அசல் பத்திரம் மூத்தவரிடம் இருக்கும். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி தன் பங்கை விற்க முடியாமல் நின்றார். பத்திரம் தொலைந்த முதியவர், காவல் நிலையத்துக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டியிருந்தது. முன்பணம் வாங்கி, தேதி குறித்து, கடைசி நாளில் பதிவு மறுக்கப்பட்டால், விற்பவர், வாங்குபவர், நடுவில் இருக்கும் புரோக்கர் என்று மூன்று பேருக்கும் சிக்கல்.

இப்படிப் பதிவு மறுக்கப்பட்ட ஒரு கிரயப் பத்திரம் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு 2025 ஏப்ரல் 7-ல் தீர்ப்பளித்தது. எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அதிகாரியின் வேலை இல்லை, அந்த அதிகாரத்தை மூலச் சட்டம் தரவில்லை, சட்டம் தராத அதிகாரத்தை விதி தர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மூலப் பத்திரம் கேட்ட 55-ஏ(1) விதி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

உடனே அரசு என்ன செய்தது?

தீர்ப்பு வந்த அதே ஏப்ரலில், பதிவுச் சட்டத்திலேயே மூலப் பத்திரத்தைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிறைவேறியது. விதியாக இருந்தால்தானே செல்லாது, சட்டமாகவே ஆக்கிவிடலாம் என்பதுதான் கணக்கு.

ஆனால் இங்கே ஒரு படி கூடுதலாக உண்டு. பத்திரப் பதிவு, அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் வருகிறது. மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநில அரசும் போடலாம். மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தம் செல்லுபடியாக வேண்டும் என்றால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. 2022 திருத்தமும் அந்த வழியில்தான் வந்தது.

சட்டமாகவே வந்தால் நீதிமன்றத்தில் நிற்குமா?

55-ஏ விதி விழுந்ததற்கு முக்கியக் காரணம், அது சட்டத்துக்கு மேலே போனது. சட்டத்திலேயே அந்த நிபந்தனை இருந்தால் அந்தக் காரணம் போய்விடும். ஆனால் 77-ஏ சட்டத்தில் இருந்த பிரிவுதான், அதுவும் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. எனவே 'சட்டமாக்கிவிட்டால் போதும்' என்று சொல்லிவிட முடியாது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு கோடு தெரிகிறது. ஆவணம் இருக்கிறதா என்று சரிபார்ப்பது வேறு, உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது வேறு. முதல் வேலையை ஒரு சார்பதிவாளர் செய்யலாம். இரண்டாவது வேலைக்கு நீதிமன்றம்தான். புதிய சட்டம் முதல் வகையோடு நின்றால் அதற்கு வாய்ப்பு அதிகம். அசலைக் காட்டச் சொல்லும் சாக்கில் 'உங்க டைட்டில் சரியில்லை' என்று அதிகாரி முடிவெடுக்கும் நிலை வந்தால், அது மறுபடியும் கோர்ட் படியேறும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அசல் கேட்பதால் போலி குறையுமா? ஓரளவு குறையும். ஆள்மாறாட்டம் செய்பவரிடம் அசல் இருக்காது. ஆனால் போலிப் பத்திரம் தயாரிக்கத் தெரிந்தவருக்குப் போலி அசல் தயாரிக்கவும் தெரியும். காணவில்லை என்று சான்று வாங்கவும் தெரியும். நேர்மையான ஆளுக்கு அலைச்சலும் மோசடிக்காரருக்கு இன்னும் ஒரு படியும்தான் மிச்சம் என்றால், விதி எழுதிய நோக்கம் நிறைவேறாது.

அரசே உரிமைக்கு உத்தரவாதம் தர முடியாதா?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 50 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 4.5 லட்சம் ரூபாய். இவ்வளவு வாங்கிக்கொள்ளும் அரசு, 'இந்தச் சொத்து உங்களுடையதுதான்' என்று எழுதிக் கொடுப்பதில்லை. இந்தியாவில் இருப்பது அனுமான உரிமை. பத்திரம், பட்டா, அனுபவம் எல்லாம் சேர்ந்து உரிமையை ஊகிக்க உதவும். அதைவிட வலுவான ஆதாரம் யாராவது கொண்டுவரும் வரைதான் அந்த ஊகம்.

இதற்கு மாற்று, அரசே உரிமைப் பதிவேடு வைத்து அதற்குப் பொறுப்பேற்கும் முறை. ஆஸ்திரேலியாவில் 1858-லேயே வந்துவிட்டது. ராஜஸ்தான் 2016-ல் நகர்ப்புற நிலங்களுக்கு உரிமைச் சான்று தரச் சட்டம் போட்டது. பக்கத்து மாநிலமான ஆந்திராவில் நடந்ததுதான் நமக்குப் பாடம். ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சியில் நில உரிமைச் சட்டம் வந்தது. உரிமைப் பிரச்னையைச் சிவில் நீதிமன்றத்திடம் இருந்து எடுத்து, அரசு நியமிக்கும் அதிகாரியிடம் கொடுத்தது. வழக்கறிஞர்கள் போராடினார்கள். 'உங்க நிலத்தை அதிகாரி பறிச்சுடுவாரு' என்ற பிரசாரம் 2024 தேர்தலில் பெரிதாக எடுபட்டது. ஆட்சிக்கு வந்த சந்திரபாபு நாயுடு அரசு அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டது.

நிலம் என்று வரும்போது மக்கள் நீதிமன்றத்தின் தாமதத்தைத் திட்டுவார்கள். ஆனால் அதிகாரியின் ஒரு கையெழுத்துக்குத் தங்கள் நிலத்தைக் கொடுக்கவும் தயாராக இல்லை. தமிழ்நாட்டிலும் 77-ஏ பிரிவுக்கு வரவேற்பும் எதிர்ப்பும் ஒரே நேரத்தில் வந்ததன் காரணம் இதுதான்.

புரோக்கர்கள், மனை விற்பவர்களுக்குப் பொறுப்பு இல்லையா?

இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் வீடு, மனை விற்றுத் தரும் ஏஜென்ட்டுகள் பதிவு எண் பெற வேண்டும். பதிவு இல்லாமல் விற்றால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் விதிக்கலாம். நிலத்தின் உரிமையில் குறை இருந்து வாங்கியவருக்கு நஷ்டம் வந்தால், திட்டத்தை விற்ற நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். அந்த இழப்பீட்டுக்குக் காலக்கெடு தடை கிடையாது.

ஆனால் தனி நபர் ஒருவர் தன் பழைய வீட்டையோ மனையையோ இன்னொருவருக்கு விற்கும்போது இந்தப் பாதுகாப்பு எதுவும் வராது. நடுவில் இருக்கும் புரோக்கருக்கு ரெரா பதிவு தேவையில்லை. மோசடி அதிகம் நடக்க இடம் இருப்பதும் இந்த மறுவிற்பனையில்தான். சார்பதிவாளரின் அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு பேசும்போது, இந்த இடைவெளியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

சொத்து வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

- விற்பவர் காட்டும் அசலோடு நிறுத்தாதீர்கள். அதே பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து வாங்கி, இரண்டையும் ஒப்பிடுங்கள். போலி அசல் மாட்டுவது பெரும்பாலும் இங்கேதான்.
- வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பாருங்கள். அதில் வருவது பதிவான பரிவர்த்தனைகள் மட்டும். பதிவாகாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம்.
- பட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் மூன்றிலும் சர்வே எண்ணும் பரப்பும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
- பவர் வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். பொதுவாக, கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் செல்லாது.
- புதிய திட்டம் என்றால் ரெரா எண்ணை இணையதளத்தில் சரிபாருங்கள்.

ஏற்கெனவே சொத்து வைத்திருப்பவர்கள்?

ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சொத்தின் ஈசியைப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் மாற்றுங்கள். காலி மனைக்கு வேலியும் பெயர்ப் பலகையும் வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், யாருக்குப் பவர் கொடுத்தோம், அது இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

உங்கள் சொத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பத்திரம் ஈசியில் தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். போலிப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, விஷயம் தெரிந்த நாளில் இருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். காவல் துறையில் புகாரும் கொடுங்கள். பதிவுச் சட்டப்படி ஆள்மாறாட்டத்துக்கு 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. பதிவுத்துறைக்கும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவியுங்கள். ஆனால் அந்த மனுவை மட்டும் நம்பி, வழக்கு போடும் காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

இனி என்ன?

போலிப் பத்திரப் பிரச்னை உண்மையானது. அதை நீதிமன்றங்களும் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் சார்பதிவாளரின் மேஜையிலேயே தீர்வைத் தேடுவதால், சட்டம் வருவதும் அது விழுவதும் தொடர்கிறது. நடுவில் பதிவு செய்தவர்களும், ரத்து உத்தரவு வாங்கியவர்களும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

அரசின் கையில் ஏற்கெனவே இருக்கும் வேலை ஒன்று உண்டு. பத்திரம் பதிவுத்துறையிடம், பட்டா வருவாய்த் துறையிடம், வழக்கு விவரம் நீதிமன்றத்திடம் என்று தனித்தனியாகக் கிடக்கும் தகவல்களை ஒரே சர்வே எண்ணில் இணைப்பது. உட்பிரிவு தேவைப்படாத சொத்துகளுக்குப் பதிவானதும் பட்டா தானாக மாறும் வசதி ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு சொத்தின் மீது பத்திரம் தாக்கலாகும்போதே, பட்டாவில் பெயர் உள்ளவரின் செல்போனுக்குத் தகவல் போனால், மோசடி பதிவாவதற்கு முன்பே உரிமையாளர் ஆட்சேபிக்க முடியும். இதில் அதிகாரி யாருடைய உரிமையையும் தீர்மானிக்க வேண்டியதில்லை, உரிமையாளருக்கு நேரத்தில் தெரியப்படுத்தினால் போதும். அடுத்த திருத்தம் எழுதப்படும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான்.